வாசலை மூடச் சொன்ன கேத்சனா

கேத்சனாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "பியெங்கைக் கேளுங்க" என்பார்கள். பியெங் நான்தான். கேத்சனாவுக்குப் பதிலாகப் பேசுவது ஆறு வயதிலிருந்து என் வேலை. வகுப்பில் வாத்தியார் அவளைக் கேட்டால் நான் எழுந்து நிற்பேன். சந்தையில் அவள் சரக்குக்கு நான் விலை சொல்வேன். கோயிலில் சாமியார் அவளை நலம் விசாரித்தால்கூட நான்தான் "சுகமா இருக்கா சாமி" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நானும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வாயால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கேத்சனாவின் கதை முழுதாகும். அதனால் அதையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஹாட்கம், லாவோஸில் நாம்கான் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. மழை ஓய்ந்து ஆறு தெளிந்ததும் பாறைகளில் பச்சைப் பாசி பிடிக்கும். அதை வாரி, அலசி, அடித்து, மூங்கில் சட்டத்தில் பரப்பி, மேலே எள்ளும் பூண்டும் தக்காளி வில்லையும் வைத்துக் காயப் போட்டால் பாசித் தாள். எண்ணெயில் காட்டி, காரத் துவையலோடு தின்றால் இன்னும் ஒரு சின்ன மூங்கில் கூடைப் பசைச் சோறு கேட்கும். லுவாங் பிரபாங் சந்தையில் எங்கள் ஊர்த் தாளுக்குத் தனி மரியாதை உண்டு. அதிலும் கேத்சனா பரப்பிய தாளை வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் யாரென்று சொல்லிவிடலாம். நான் பரப்பினால் சாக்கு மாதிரி இருக்கும்.

அவள் பிறந்தபோது மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. இரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். முகம் சரியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று அவள் அப்பா ஒரு பன்றியை அடித்து ஊருக்கே விருந்து வைத்தார். உள்ளே அண்ணத்தில் ஓட்டை அப்படியே இருந்தது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாயில் கூட்ட வேண்டிய காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாக மூக்குக்குப் போய்விடும். குடித்த கஞ்சியும் அதே வழியில் போகும். அதனால் அவள் வெளியில் எங்கும் நூடுல்ஸ் சாப்பிட மாட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்துகளைப் பெரும்பாலும் பிராணிகளை வைத்துத்தான் சொல்லித் தருவார்கள். க என்றால் 'கை', எங்கள் மொழியில் கோழி; ம என்றால் 'மேவ்', பூனை; இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வாயில் காற்றைக் கூட்டாமலே சொல்லக் கூடிய எழுத்துகள் மட்டும் கேத்சனாவுக்கு வந்தன. மாடு வந்தது. கொசு, குருவி, பூனை, குரங்கு எல்லாம் வந்தன. கோழி வரவில்லை. முட்டை, எருமை, மீன், தேனீ, ஆடு, புலி, யானை எதுவும் வரவில்லை. வகுப்பில் ஒரு பயல் கணக்குப் போட்டுச் சொன்னான்: "கேத்சனா வீட்டுல கோழியுமில்ல, எருமையுமில்ல. கொசுவும் குரங்கும்தான் குடித்தனம் பண்ணுது." அவனைக் கீழே தள்ளி மண்ணைத் தின்ன வைத்தேன். இன்று அவன்தான் என் புருஷன், அது வேறு கதை.

ஆனால் ஒன்று அவளிடம் முழுசாக இருந்தது. எங்கள் பேச்சில் பாதி மெட்டில் இருக்கிறது. ஒரே ஒலியை உயரத்தில் எடுத்தால் ஒரு சொல், தாழ்வில் எடுத்தால் இன்னொரு சொல், எடுத்த இடத்திலிருந்து சரித்தால் மூன்றாவது. அந்த மெட்டு தொண்டையில் பிறப்பது, அதற்கும் அண்ணத்துக்கும் சம்பந்தமில்லை. கேத்சனாவின் மெட்டு அப்பழுக்கில்லாதது. சொல்லின் எலும்பெல்லாம் உருவிவிட்டு மெட்டை மட்டும் அவள் கொடுப்பாள். பழகிய எனக்கு அதுவே போதும். பழகாதவர்கள் சிரிப்பார்கள்.

அவளுக்குப் பதிமூன்று வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். அப்பா அடுத்த வருஷமே சாயாபூரிப் பக்கம் மரம் வெட்டப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டார். அந்த மனுஷனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. வீட்டில் மிஞ்சியது கேத்சனாவும் ஒன்றரை வயதுத் தம்பி அனுலாக்கும். அவளே ஊட்டி, அவளே முதுகில் கட்டி வளர்த்தாள். அவளைப் பார்த்துத்தான் அவன் பேசவும் கற்றான். விளைவு என்ன தெரியுமா? வாயில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை அக்காவைப் போலவே மூக்கால் பேசினான். பள்ளிக்கூடம் போன முதல் நாள் அழுதுகொண்டே திரும்பி வந்தான். அன்றிலிருந்து கேத்சனா அவன் முன்னால் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அழைப்பு வந்தது. "நீ பேசு" என்று கையைக் காட்டினாள். அவனோடு நான் பேசினேன். ஒரே வருஷத்தில் பையன் என்னைப் போலவே வாயாடியானான். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு முப்பத்தொரு வயதானபோது தலைநகர் வியெந்தியானுக்கு டாக்டர்கள் வந்திருக்கிறார்கள், அண்ணத்தை மூடித் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பஸ் ஏறிப் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஓட்டையை மூடிடலாம். ஆனா பேச்சு தானா வராது, கத்துக்கணும். இந்த வயசுல கஷ்டம்" என்றார். "அவ கத்துக்குவா டாக்டர்" என்று வழக்கம் போல நான்தான் பதில் சொன்னேன்.

தையல் ஆறிய பிறகு அவள் வாயைத் திறந்தாள். அதே பழைய பேச்சு வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது, யார் மீது என்று தெரியாமல் தலையணையை அடித்தேன். மறுநாள் ஒரு நர்ஸ் வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு கத்தரி, ஒரு தாள். கண்ணாடியைக் கேத்சனாவின் மூக்குக்கடியில் பிடித்தாள். "இப்ப எதையாவது சொல்லுங்க. கண்ணாடி மேல ஆவி படிஞ்சா காத்து மூக்கு வழியா ஓடுதுன்னு அர்த்தம். வாசல் கட்டியாச்சு அக்கா, ஆனா காத்துக்குப் பழைய வழிதான் தெரியும். நீங்கதான் பழக்கணும்." நான்கு நாள் சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் ஊருக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வாத்தியார் யாருமில்லை. ஆற்று மணலில் பாசிச் சட்டங்கள் காயும், அதன் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். எங்கள் மொழியில் ப மூன்று. மீனின் ப-வுக்கு உதடு பிரியும், காற்று வராது. தேனீயின் ப-வுக்குக் காற்று சீறிக்கொண்டு வரும். ஆட்டின் ப-வுக்குத் தொண்டை அதிரும். அவள் உதட்டுக்கு முன்னால் காகிதக் கீற்று ஒன்றை நான் பிடித்துக்கொள்வேன். தேனீக்குக் கீற்று துள்ள வேண்டும். மீனுக்கு அது அசையக் கூடாது. முதல் மாதம் முழுக்க எதற்கும் அசையவில்லை, கண்ணாடிதான் மங்கிக்கொண்டே இருந்தது.

"பியெங், உன் காகிதம் செத்துப் போச்சு" என்பாள், அதே மூக்குப் பேச்சில்.

"என் காகிதம் உசுரோடதான் இருக்கு. உன் தேனீதான் சாகக் கெடக்கு. ஊதுடி!"

ஒரு நாள் கீற்று துள்ளியது. நான் போட்ட கூச்சலில் அக்கரையில் வலை வீசிக்கொண்டிருந்தவன் படகை விட்டுக் குதித்துவிட்டான், யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று.

த-வும் ட-வும் வருவதற்குப் பசைச் சோற்றை உருட்டி மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். நாக்கு போய் அதைத் தொட வேண்டும். தொட்டுத் தொட்டுக் கரைத்து ஒரு நாளைக்கு அரைக் கூடைச் சோறு தின்றாள். "சாப்பிடறதுக்குன்னே ஒரு படிப்பு" என்று கிண்டல் செய்தேன். கோழியின் க-தான் கல்லாய் நின்றது. முப்பது வருஷமாக அந்த ஒலியைத் தொண்டைக்குள்ளேயே அடைத்துத் தப்பித்துக்கொண்டிருந்தவள். அதை மறக்க வைக்க ஐந்து மாதம் ஆனது. மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னுக்கு விழும் என்று எப்படியோ கண்டுபிடித்தாள். உச்சி வெயிலில் மணலில் மல்லாந்து கிடந்தபடி, "கை, கை, கை" என்று கோழியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஆற்றில் போகிற படகுக்காரர்கள், "என்ன பியெங், உன் சிநேகிதி முட்டை போடறாளா?" என்று கத்துவார்கள். நான் ஏதாவது திருப்பிக் கொடுப்பேன். இங்கே எழுத முடியாது.

கோழி வந்த மூன்றாம் வாரம் முட்டை வந்தது. முட்டை வந்த அதே நிமிஷம் எருமையும் வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒலி ஒன்றேதான், மெட்டுதான் வேறு. மெட்டு அவளிடம் பிறந்ததிலிருந்தே இருந்ததே! புலி வந்த அன்று யானையும் அப்படியே கூடவே வந்தது. ஒன்றுக்கு உழைத்தால் இரண்டு கிடைத்தது. எழுந்து உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை இருபத்தேழு எழுத்தையும் சொன்னாள். நடுவில் நிற்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப என் வீட்டுல எல்லாம் இருக்கு" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. சட்டங்களைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

இதெல்லாம் முடிய ஒன்றரை வருஷம். ஆனாலும் ஒரு கண்டம் மிச்சமிருந்தது. நிதானமாகப் பேசினால் ஒவ்வொரு ஒலியும் வானொலிக்காரி மாதிரி சுத்தமாக விழும். அவசரப்பட்டாலோ, யாராவது விரட்டினாலோ, காற்று பழைய வழியைத் தேடிப் போய்விடும். அதனால் புது ஆட்களிடம் இன்னமும் நான்தான் பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் அனுலாக்குக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொத்தனார் வேலைக்குப் போன இடத்தில் பார்த்த பெண். பெயர் மலாய். ஆற்றின் கீழ்ப்புறம் தாஃபோ ஊர். மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளி ஒட்டியாணத்தைக் குறுக்கே பிடித்து வாசலை மறிப்பார்கள். எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய் என்று கேள்வி மேல் கேள்வி போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காக ஒருவர் முன்னால் நின்று சிரிக்கச் சிரிக்கப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சின்னக் கிண்ணம் சாராயம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவர்கள் மனம் குளிர்ந்தால்தான் வாசல் திறக்கும். எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் பதினைந்து வருஷமாக சீசுக் மாமாதான். அவர் இல்லாமல் ஒரு மாப்பிள்ளையும் உள்ளே போனதில்லை.

கல்யாண ஏற்பாடு பேசக் கூடிய அன்று கேத்சனா எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "வாசல்ல நான் பேசறேன்" என்றாள்.

சீசுக் மாமாவுக்குத் தண்ணீர் புரையேறியது. "என்னம்மா சொல்ற? அங்க வாசல்ல நிக்கப் போறது யார் தெரியுமா? பொண்ணோட பெரியம்மா புவாசி! போன வருஷம் ஒரு மாப்பிள்ளைய அவ நிக்க வச்ச நேரத்துல மேளக்காரனுக்குக் கை வீங்கிப் போச்சு. எனக்கே அவளக் கண்டா ஓடிடலாம்னு தோணும்."

"அவங்க கேக்கட்டும். நான் சொல்றேன்."

"சொன்னதையே கேக்க மாட்டா. புதுசு புதுசாக் கேப்பா."

"அதுக்குத்தான் போறேன் மாமா."

அனுலாக் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "அக்கா, சிரிப்பாங்க" என்றான் மெதுவாக.

"வாசல்ல சிரிக்கத்தானே கேக்கறாங்க" என்றாள் அவள். "உன்னை வளத்தவ நான். உன்னைக் கொண்டு போய் விடறப்ப என் வாயால சொல்லிட்டு விடணும். இதுக்குத்தான்டா அந்த மணல்ல கெடந்தேன்."

மாமா பக்கத்தில் நிற்பது, அவள் தடுமாறினால் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு மாதம் நான் புவாசியாக நடித்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்டபடி கேள்வி கேட்டேன். பத்து கேள்விக்கு எட்டு நன்றாக வரும். ஒன்பதாவதில் நான் குரலை உயர்த்தி விரட்டினால் மூக்குப் பேச்சு எட்டிப் பார்த்துவிடும். அவள் சளைக்கவில்லை. எனக்குத்தான் பயம் பிடித்தது. ராத்திரி தூக்கம் போனது.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு காலைச் சந்தையில் புவாசி என் கடைக்கு வந்தாள். பாசித் தாளைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, "இது நீ போட்டதில்லையே" என்றாள். அந்தக் கண் எதையும் தப்ப விடாது என்று பார்த்ததுமே தெரிந்தது. "அது மாப்பிள்ளையோட அக்கா போட்டது. வாசல்ல அவதான் பேசப் போறா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் பியெங் இல்லையே. "பாவம் பெரியம்மா. பிறவியிலேயே அண்ணம் பிளந்தவ. இப்பத்தான் தைச்சுப் பேச்சுப் பழகறா. கொஞ்சம் பாத்துக் கேளுங்க" என்றேன். புவாசி என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். நானும் ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தியில் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

கல்யாணத்தன்று காலை பனி விலகுவதற்கு முன்பே படகில் இறங்கினோம். குடையின் கீழ் அனுலாக், வெள்ளைச் சட்டையில், வேர்த்துக்கொண்டு. நீள மேளம், ஜால்ரா, கைதட்டு, கூவல். முன்னால் கேத்சனா. செம்புநிறப் பட்டுப் பாவாடை, தோளில் குறுக்காக அங்கவஸ்திரம், கையில் சாராயக் குப்பியும் கிண்ணமும். அவள் முதுகு நேராக இருந்தது. "இவ என் தோழி" என்று தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பெண் வீட்டு வாசலில் ஒட்டியாணத்தைக் குறுக்கே பிடித்திருந்தார்கள். ஒரு முனை ஒரு பெண் கையில், இன்னொரு முனை புவாசி கையில். வாசலுக்குப் பின்னால் ஊரே கூடியிருந்தது. மாப்பிள்ளையின் காலைக் கழுவ மலாயின் தங்கை கல்லில் வாழையிலை போட்டுத் தண்ணீரோடு காத்திருந்தாள். மேளம் நின்றது. கேத்சனா இரண்டடி முன்னால் போய்க் கும்பிட்டாள்.

புவாசி அவளைப் பார்த்தாள். அவள் உதட்டின் தழும்பைப் பார்த்தாள். அந்தக் கடுமையான முகம் அப்படியே இளகிப் போனது. "வாம்மா, வா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் கஷ்டம் எனக்குத் தெரியும். எல்லாரும் உள்ள வாங்க" என்று ஒட்டியாணத்தைக் கீழே விட்டுவிட்டாள்.

கேள்வி கேட்காமல் ஆளை உள்ளே விடும் வாசல் எங்களிடம் ஒன்றுதான் உண்டு, சாவு வீட்டு வாசல். பெண் வீட்டார் சிலர்கூட முகம் சுளித்தார்கள். ஆனால் சீசுக் மாமா, விட்டது தொல்லை என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டம் அவர் பின்னால் நகர்ந்தது. அனுலாக் அந்தக் கல்லின் மேல் ஒரு காலை வைத்துவிட்டான்.

கேத்சனா நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தன் ஆட்களையே மறித்தாள்.

"மூடுங்க" என்றாள்.

"என்னது?" என்றாள் புவாசி.

"வாசலை மூடுங்க பெரியம்மா. கேள்வி கேளுங்க."

எங்கோ ஒரு ஜால்ரா தானாக ஒரு தடவை ஒலித்து அடங்கியது. புவாசிக்குக் குழப்பம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெற தெறன்னுதான் கத்துவாங்க. மூடச் சொல்லிக் கத்தறவள இப்பத்தான் பாக்கறேன். உனக்குக் கஷ்டம்னு உன் சிநேகிதிதான் சந்தையில சொன்னா. அதனாலதான்..."

கேத்சனா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தாள். அவளுக்காகப் பேசிப் பேசிப் பழகிய இந்த வாயை அன்றுதான் வெறுத்தேன்.

"அவ சொன்னது போன வருஷத்துக் கதை" என்று புவாசி பக்கம் திரும்பினாள். "என் தம்பி அநாதைப் பிணமில்ல, கேக்காம உள்ள விட. அவனுக்கு ஆள் இருக்கு. கேளுங்க."

அனுலாக் கல்லின் மேலிருந்த காலை எடுத்தான். குனிந்து ஒட்டியாணத்தின் முனையை எடுத்துத் தூசி தட்டிப் புவாசியின் கையில் வைத்தான். "அக்கா சொல்லிட்டாங்க. மூடுங்க பெரியம்மா" என்றான். பின்னால் நடந்து மறுபடி குடைக்குக் கீழே போய் நின்றுகொண்டான். தன் கல்யாண வாசலைத் தானே மூடிய மாப்பிள்ளை எங்கள் ஆற்றங்கரையில் அவனைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். மாமா மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். ஒட்டியாணத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தார்.

புவாசி முந்தானையை இழுத்துச் செருகினாள். முகத்திலிருந்து இரக்கம் போய்விட்டது. "சரிதான். எங்கேருந்து வர்றீங்க?"

"ஹாட்கம்."

"ஆத்துக்கு மேலயா, கீழயா?"

"மேலதான். எங்க ஊரு கால் கழுவின தண்ணியிலதான் நீங்க குளிக்கறீங்க."

வெடித்துச் சிரித்தார்கள். கிண்ணம் நிறைந்தது, புவாசி ஒரே மடக்கில் குடித்தாள். "எதுக்கு வந்தீங்க? வாங்கவா, விக்கவா?"

"ரெண்டும் இல்ல. எங்ககிட்ட ஒரு எருமை சும்மா நிக்குது. இங்க கட்டறதுக்கு நல்ல முளை இருக்குன்னாங்க. ஓட்டிட்டு வந்தோம்."

"எருமை உழுமா?"

"உழும். சுவர் கட்டும். குறட்டையும் விடும். அதுக்குத்தான் உங்க வீட்டோடயே விட்டுட்டுப் போறோம்."

இன்னொரு கிண்ணம். புவாசிக்குக் கண் சிவந்தது. வேகம் பிடித்தாள். எத்தனை படகு? யார் ஓட்டினது? மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா? பொண்ணு கோவிச்சா யார் சமைப்பா? ஒன்றன் மேல் ஒன்று, மூச்சு விட இடமில்லை. கேத்சனாவும் விடாமல் கொடுத்துக்கொண்டே வந்தாள். திடீரென்று ஒரு பதிலில் எல்லாம் சரிந்தது. காற்று மூக்கில் ஓடிவிட்டது. பழைய பேச்சு, பாதிச் சொல்லுக்கு மேல் ஒன்றும் புரியவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். என் வாய் தானாகத் திறந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"காதுல விழல" என்றாள் புவாசி. குரலில் துளி ஈரமில்லை. "சொல்றத ஒழுங்காச் சொல்லு. இல்லேன்னா ஆத்தோட திரும்பிப் போங்க."

அந்தப் புவாசிக்கு நான் மனசுக்குள் கோயில் கட்டினேன். கேத்சனா மாமாவைக் கையால் தள்ளி நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது.

"பொண்ணு கோவிச்சா அவன் சமைப்பான்னு சொன்னேன். மீன் சுடுவான், கோழிக் குழம்பு வைப்பான், முட்டை பொரிப்பான். நான் கத்துக் கொடுத்திருக்கேன். உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தா பெரியம்மா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக விழுந்தது. முதலில் பெண் வீட்டுப் பொம்பளைகள்தான் கைதட்டினார்கள். அப்புறம் ஆம்பளைகள் ஊளையிட்டார்கள். மேளக்காரன் யார் சொல்லியும் கேட்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

புவாசி விடவில்லை. இத்தனை ஒல்லியாக இருக்கிறானே, யார் வளர்த்தது என்றாள். "நான்தான் வளத்தேன். ஒல்லியா இருக்கறவன்தான் கூரையேறி ஓடு மாத்துவான். குண்டா வேணும்னா உங்க புருஷன்ல பாதிய வெட்டிக் கொடுங்க" என்றாள் கேத்சனா. ஐந்தாவது கிண்ணத்தையோ ஆறாவதையோ குடித்துவிட்டுப் புவாசி கேள்வியைத் தேடினாள். வாயைத் திறந்து மூடினாள். தாஃபோ ஊரார் முதல் முறையாக அவளை அப்படிப் பார்த்தார்கள். ஒட்டியாணம் அவள் கையிலிருந்து நழுவியது. கேத்சனா தம்பியின் முழங்கையைப் பிடித்துக் கல்லின் மேல் ஏற்றினாள்.

அப்போதுதான் புவாசி கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்தாள். கிண்ணத்தைத் தூக்கி எனக்கு நேரே நீட்டி ஊர் கேட்கக் கத்தினாள்.

"ஏய் பாசிக்காரி! இவளையாடி பாவம்னு சொன்ன? இவளையா பாத்துக் கேக்கச் சொன்ன? நீ அவகிட்டல்ல சொல்லியிருக்கணும், புவாசி வயசானவ, பாத்துப் பேசுன்னு!"

இரண்டு ஊரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் கேத்சனா. அத்தனை பேர் நடுவில் நான் அப்படி அவமானப்பட்டதும் கிடையாது, அவ்வளவு பெருமையாக நின்றதும் கிடையாது.